ஆற்றுப்படையும் அலைபேசியும்

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நீரோடும் ஆற்றையும் குறிக்கும்; மக்கள் நடக்கும் வழியையும் குறிக்கும். வழியைக் காட்டி அனுப்புதலே ஆற்றுப்படுத்தல். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, “இன்ன வழியே செல்க, இன்ன வள்ளலைக் காண்க” என உரைப்பதே அவற்றின் அமைப்பு. அவற்றுள் மலைபடுகடாம் வழியின் வளத்தைச் சொல்வதோடு நில்லாது, வழியிலுள்ள இடர்களையும் எடுத்துரைத்து எச்சரிக்கும் சிறப்புடையது.

சென்ற கல்வியாண்டில் இப்பகுதியை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, அந்தப் பாணன் சொன்ன வழியில் எல்லாப் பாணர்களும் ஒரே நாளில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?” என்று வினவினார். வகுப்பே சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வினாவின் விடையை யாம் ஓர் இரவில், எந்தையாரைப் பின்னிருக்கையில் கிடத்திக்கொண்டு, கற்றிருந்தோம். அன்று வகுப்பில் சொல்லாது விட்ட அவ்விடையையே இம்மலரில் எழுதுகின்றோம்.

ஊரும் வழிகளும்

யாம் குடியிருக்கும் ஊர் அஞ்சுகிராமம். குமரி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், திருநெல்வேலி மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பேரூர். கன்னியாகுமரியிலிருந்து கூடங்குளம் வழியாகத் திருச்செந்தூர் செல்லும் சாலையும், நாகர்கோவிலிலிருந்து மயிலாடி வழியாக வரும் சாலையும் இங்குக் கூடுகின்றன. கல்லூரியோ நாகர்கோவிலுக்கு மேற்கே. ஆதலின் நாள்தோறும் காலையில் நாஞ்சில் நாட்டைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடப்பதும், மாலையில் மேற்கிலிருந்து கிழக்காகக் கடப்பதும் எம் வாழ்வின் நடைமுறை.

நாகர்கோவிலை அடைய எமக்கு வழிகள் மூன்று. முதலாவது, மயிலாடி, வழுக்கம்பாறை, சுசீந்திரம், கோட்டாறு என்று செல்வது. தொலைவில் இதுவே குறைந்தது. இரண்டாவது, வடக்கே காவல்கிணற்றுக்குச் சென்று, அங்கிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தோவாளையைக் கடந்து வடசேரிக்கு வருவது. இது நெடியது, ஆயினும் அகன்றது. மூன்றாவது, மருங்கூர், தேரூர்ப் பக்கங்களில் வயல்களுக்கும் குளங்களுக்கும் இடையே வளைந்து வளைந்து செல்லும் கிராமச் சாலைகள். கவிமணி பிறந்த தேரூரின் பக்கமாகச் செல்கிறோம் என்னும் மகிழ்ச்சி தமிழாசிரியனுக்கு உண்டெனினும், அவை மாட்டுவண்டிக் காலத்தில் தோன்றிய தடங்கள். எதிரெதிரே வரும் இரு கார்கள் ஒதுங்கி நின்றே கடக்கவேண்டும்.

இம்மூன்றனுள் முதல் வழியின் கழுத்து சுசீந்திரம். அங்கே பழையாற்றுப் பாலமும், பெருங்குளமும், கோயிலை ஒட்டிய குடியிருப்புகளும் சாலையை நெருக்கி நிற்கின்றன. சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் அடங்கிய ஈரநிலத் தொகுதி 2022ஆம் ஆண்டில் இராம்சார் பட்டியலில் சேர்க்கப்பெற்றது. பறவைகள் வந்து தங்கும் நீர்நிலையைத் தூர்த்துச் சாலையை அகலமாக்குவோம் என்பது அறிவுடையோர் பேச்சாகாது. ஆகவே சாலை உள்ளபடியேதான் இருக்கும். அதில் வரும் ஊர்திகளே ஆண்டுதோறும் பெருகும்.

ஓட்டுநர் கற்பித்த பாடம்

எந்தையார் அரசுப் பேருந்து ஓட்டுநர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இச்சாலைகளில் வண்டி ஓட்டியவர். பள்ளிக்கல்வியை நிறைவு செய்யாதவர் எனினும், எம் மாவட்டத்துச் சாலைகளை அவர் அறிந்ததுபோல் யாம் தொல்காப்பியத்தை அறிந்தோமில்லை. விடியற்காலை முதல் நடையில் கோட்டாற்றுக் கடைத்தெருவைக் கடக்க ஐந்து நிமிடம் போதும் என்பார். ஒன்பது மணி நடையில் அதே தெருவுக்கு இருபது நிமிடம் ஒதுக்குவார். சவேரியார் கோயில் திருவிழா நடைபெறும் நாள்களில் இன்னும் கூட்டிக்கொள்வார். தோவாளையில் பூச்சந்தை கூடும் நேரம், பள்ளிகள் விடும் நேரம், கன்னியாகுமரியில் கதிரவன் மறைவைக் கண்ட சுற்றுலாப் பயணிகள் திரும்பும் நேரம் எல்லாம் அவர் மனத்தில் அட்டவணையாக இருந்தன.

“கல்லுல கிலோமீட்டர்தான் எழுதியிருக்கும் மோனே, நேரம் எழுதியிருக்காது” என்று அவர் சொல்வதுண்டு.

தருமபுரிப் பக்கத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் நாவற்றாவளத்துக்கு இருபத்தொன்பது காதம் என்று தொலைவைக் குறிக்கிறது. பல நூற்றாண்டுகள் கழிந்தும் அவ்விருபத்தொன்பது காதம் மாறவில்லை. ஆனால் அதனைக் கடக்கும் நேரம்? அது நடப்பவனைப் பொறுத்தது. அவனோடு அன்று உடன் நடப்பவர் எத்தனை பேர் என்பதையும் பொறுத்தது. எந்தையார் சொன்னது இதுவே. யாம்தான் அதனை ஓட்டுநரின் அனுபவமொழி என்று மட்டும் எண்ணி விட்டுவிட்டோம்.

அந்த மாலை

2023ஆம் ஆண்டு சனவரி முதல் வாரம். சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழா. ஐயப்ப பக்தர்களின் ஊர்திகளும் சுற்றுலாப் பயணிகளின் ஊர்திகளும் குமரிச் சாலையை நிறைத்திருந்த பருவம். மாலை மஃரிப் தொழுகை முடிந்து சற்றுநேரத்தில், எந்தையாரின் கையிலிருந்த தேநீர்க் குவளை நழுவி விழுந்தது. இடக்கையைத் தூக்க இயலவில்லை. வாய் ஒருபுறம் இழுத்துக்கொண்டது. பக்கவாதம் என்பதை அறிய மருத்துவராக இருக்கவேண்டியதில்லை. மூளையின் குருதிக்குழாயில் அடைப்பு நேர்ந்தால், அதனைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தவேண்டும் என்றும், அதற்குள்ளும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நன்று என்றும் யாம் படித்திருந்தோம். நாகர்கோவிலில் உள்ள மருத்துவமனைக்கு எம் காரிலேயே புறப்பட்டோம். அன்னையார் பின்னிருக்கையில் அவர் தலையை மடியில் தாங்கியிருந்தார்.

அலைபேசியைத் திறந்தோம். சுசீந்திரம் சாலை முழுதும் செந்நிறமாகத் தெரிந்தது. கிராமச் சாலை ஒன்று நீலக்கோடாக ஒளிர்ந்தது. பன்னிரண்டு நிமிடம் மிச்சம் என்றது.

எந்தையார் குழறிய சொற்களில், “அந்த வழி போவாண்டாம். காவல்கிணறு சுத்திப் போ” என்றார்.

“வாப்பா, அது சுற்று வழி. இதுதான் சீக்கிரம்” என்று சொல்லி, யாம் நீலக்கோட்டின் வழியே திரும்பினோம்.

முதல் மூன்று கிலோமீட்டர் ஆளரவமற்றிருந்தது. எம் தேர்வை எண்ணி மகிழ்ந்தோம். பிறகு முன்னே ஒரு காரின் பின்விளக்கு; அதற்கு முன்னே இன்னொன்று; வளைவு திரும்பியதும் முடிவில்லாத வரிசை. கால்வாயின் மேலிருந்த சிறுபாலத்தில் சரக்கு லாரி ஒன்றும் சுற்றுலா வேன் ஒன்றும் எதிரெதிரே நின்று, பின்வாங்க இடமின்றிச் சிக்கியிருந்தன. திரும்ப எண்ணிப் பின்னே பார்த்தால் எமக்குப் பின்னும் பத்துப் பன்னிரண்டு ஊர்திகள். அலைபேசியின் நீலக்கோடு இப்போது மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.

இறங்கி நின்று, வழிவிடாத அனைவரையும் மனத்துள் வெகுண்டோம். அவ்வேளையில்தான் எமக்குப் பின்னால் வரிசையின் கடைசியில் சுழலும் விளக்கைக் கண்டோம். 108 ஊர்தி. அதற்கும் பாலத்திற்கும் இடையே நின்ற தடைகளுள் ஒன்று எம் கார். யார்மீதோ கொண்ட சினம் அக்கணமே எம்மீது திரும்பியது.

அவ்வூர்த் தேநீர்க் கடையிலிருந்து இளைஞர் நால்வர் ஓடிவந்தனர். யாரும் அவர்களை அழைக்கவில்லை. ஒருவர் பாலத்திற்கு அப்பால் சென்று எதிர்வரும் ஊர்திகளை நிறுத்தினார். இருவர், இப்பக்கம் நின்ற கார்களை ஒவ்வொன்றாகத் தென்னந்தோப்புக்குள் ஒதுக்கினர். நான்காமவர் லாரியைப் பின்னுக்கு எடுக்க வழிகாட்டினார். முதலில் 108 சென்றது. அதன் பின்னே எந்தையார் இருப்பதறிந்து எம்மை விட்டனர். தோப்பினோரம் நின்ற முதியவர் ஒருவர் எம் சாளரத்தருகே குனிந்து, “நேத்துவரை இந்த நேரத்துக்கு ரெண்டு வண்டிதான் வரும். இன்னைக்கு எல்லாருக்கும் எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டார். அவர் குரலில் சினமில்லை, வியப்பே இருந்தது.

அவ்விடத்தில் இழந்தது முப்பத்தைந்து நிமிடம். எந்தையார் பிழைத்தார்; அல்ஹம்துலில்லாஹ். மருந்து செலுத்தும் கால எல்லைக்குள் சென்றடைந்தோம். எனினும் இடக்கை விரல்கள் முன்போல் மடங்கவில்லை. இன்றும் அவர் சாரம் உடுக்க அன்னையாரின் துணை வேண்டும். அம்முப்பத்தைந்து நிமிடம் இல்லாதிருந்தால் அவ்விரல்கள் மடங்கியிருக்குமா என்பதை எந்த மருத்துவராலும் உறுதியாகக் கூற இயலாது. 108 ஊர்தியில் இருந்தவர் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை இன்றுவரை யாம் அறியோம்.

எல்லாருக்கும் எப்படித் தெரிந்தது?

முதியவரின் வினா எம்மை விடவில்லை. கணிதத்துறை நண்பர்களிடம் கேட்டும், நூலகத்தில் தேடியும் சிலவற்றை அறிந்தோம். அலைபேசி வழிகாட்டியின் வேர் 1956ஆம் ஆண்டில் உள்ளது. டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மிகக் குறுகிய வழியைக் கண்டறியும் முறையை ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்து இருபது நிமிடத்தில் வகுத்தார். 1959இல் அச்சில் வெளியிட்டார். ஒவ்வொரு சாலைத் துண்டிற்கும் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால், எண்களின் கூட்டுத்தொகை குறைந்த வழியை அம்முறை பிழையின்றிக் காட்டிவிடும்.

அவ்வெண் தொலைவாயின் என்றும் மாறாது. நேரமாயின்? அது ஊர்திகளின் எண்ணிக்கையோடு மாறும். அதுவும் சீராக மாறாது. ஐக்கிய அமெரிக்காவின் பொதுச்சாலைப் பணியகம் 1964இல் ஒரு வாய்பாட்டை வகுத்தது. அதன்படி, வெறிச்சோடிய நிலையில் இருபது நிமிடம் கொள்ளும் சாலையில் அதன் கொள்ளளவிற்குரிய ஊர்திகள் வந்தால் இருபத்துமூன்று நிமிடம் ஆகும். அதைப்போல் இருமடங்கு வந்தாலோ அறுபத்தெட்டு நிமிடம் ஆகும். பாத்திரத்தில் நீர் நிரம்பும்வரை அமைதியாக இருந்து, விளிம்பைத் தொட்டதும் வழிவதைப் போன்றது இது. எமது கிராமச் சாலையின் கொள்ளளவோ மிகச் சிறிது. நெடுஞ்சாலையிலிருந்து சிந்திய சில துளிகளே அதை நிரப்பிவிட்டன.

ஆற்றுப்படைக்கும் அலைபேசிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் விளங்கிற்று. பாணன் ஒருவன் பாணன் ஒருவனுக்குச் சொன்னான், அது உதவி. அலைபேசியோ அதே வழியை, அதே மாலையில், கேட்போர்க்கெல்லாம் சொல்கிறது. ஒருவர்க்குச் சொன்னால் உண்மையாக இருப்பது, அனைவர்க்கும் சொன்ன அளவிலேயே பொய்யாகிவிடுகிறது. கருவியின்மேல் குற்றமில்லை. ஊர்திகளிலுள்ள அலைபேசிகள் ஊரும் வேகத்தைக் கொண்டே அது சாலையின் நிலையை உணர்கிறது. நெரிசல் தோன்றிய பின்னரே சிவப்பைத் தீட்டுகிறது. அதற்குள் நாம் பாலத்தருகே சென்றுவிடுகிறோம்.

இரு வழிக் கணக்கு

மாணவர்க்காக ஓர் எளிய கணக்கைக் கூறுவோம். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு இரு வழிகள். நெடிய வழி அகன்றது. எத்தனை ஊர்திகள் சென்றாலும் நாற்பது நிமிடமே ஆகும். குறுகிய வழியில் ஊர்தியே இல்லையெனில் இருபது நிமிடம். நூறு ஊர்திகள் சேருந்தோறும் இரண்டு நிமிடம் கூடும். புறப்படுவோர் ஆயிரம் பேர். ஒவ்வொருவரும் தம் நேரத்தை மட்டுமே எண்ணினால், ஆயிரவரும் குறுகிய வழியிலேயே செல்வர். இருபதோடு இருபது கூடி, அதுவும் நாற்பது நிமிடமாகிவிடும். குறுக்கு வழியால் ஒருவர்க்கும் ஒரு நிமிடமும் மிச்சமில்லை.

ஐந்நூறு பேர் நெடிய வழியில் சென்றால்? அவர்களுக்கு நாற்பது நிமிடம், முன்னையினும் மிகுதியன்று. குறுகிய வழியில் எஞ்சிய ஐந்நூறு பேர்க்கும் முப்பது நிமிடம். யாரும் இழக்கவில்லை, பாதிப்பேர் பத்து நிமிடம் பெற்றனர். ஆயினும் இந்நிலை தானே நிலைக்காது. நாற்பது நிமிடம் செல்பவர், முப்பதைக் கண்டு குறுகிய வழிக்குத் தாவுவார். ஒருவர்பின் ஒருவராக அனைவரும் தாவியபின் மீண்டும் நாற்பதே. இத்தகைய இரு வழிச் சிக்கலைப் பொருளியலறிஞர் பிகூ 1920ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். இங்கிலாந்தின் வார்ட்ராப் 1952இல் இதனை இரு நெறிகளாக வகுத்தார். ஒவ்வொருவரும் தமக்கென்று தேர்ந்து, இனி மாற்றிப் பயனில்லை என்று நிற்கும் நிலை ஒன்று. அனைவர் நேரமும் கூட்டிப் பார்க்கையில் குறைந்திருக்கும் நிலை மற்றொன்று. இரண்டும் ஒன்றல்ல என்பதே நம் சாலைத் துயரின் உட்பொருள்.

புதுச்சாலை போட்டால் தீராதா என்பர். சில இடங்களில் தீரும். நாகர்கோவிலில் பார்வதிபுரம் மேம்பாலம் 2019இன் தொடக்கத்திற்குள் பயன்பாட்டிற்கு வந்தபின் அவ்விடத்தை யாம் எளிதில் கடக்கிறோம். ஆனால் மிச்சமான நிமிடங்களுள் சிலவற்றை அடுத்த சந்திப்பில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். புதிய இணைப்புச் சாலை ஒன்று அனைவர் பயண நேரத்தையும் கூட்டிவிடவும் கூடும் என்பதை செருமானியக் கணித அறிஞர் பிரேஸ் 1968இல் மெய்ப்பித்தார். தென்கொரியத் தலைநகர் சியோலில் 2003ஆம் ஆண்டு நகர நடுவிலிருந்த உயர்நிலை விரைவுச்சாலையை இடிக்கத் தொடங்கி, 2005இல் அதன் அடியில் மறைந்திருந்த ஓடையை மீட்டனர். பேருந்துச் சேவையையும் உடன் சீரமைத்தனர். நகரம் முடங்கிவிடும் என்று அஞ்சியவாறு நிகழவில்லை.

வேறு சில நகரங்கள், நெரிசல் நேரத்தில் நகர நடுவில் நுழையும் ஊர்திகளுக்குக் கட்டணம் விதித்தன. சிங்கப்பூர் 1975இலும், இலண்டன் 2003இலும் இதனைத் தொடங்கின. சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் 2006இல் சோதனையாகத் தொடங்கியபோது எல்லையைக் கடக்கும் ஊர்திகள் ஐந்தில் ஒரு பங்களவு குறைந்தன. பிறர்க்கு நாம் விளைக்கும் காலத்தாழ்வுக்கு ஒரு விலை உண்டு என்பதை இந்நகரங்கள் மக்களுக்கு உணர்த்தின.

நாம் செய்யத்தக்கது

நம் ஊர்களில் கட்டணம் விதிக்கவேண்டும் என்பது எம் கருத்தன்று. அன்று அந்நான்கு இளைஞர் செய்ததையே நினைக்கிறோம். புதுச்சாலை போடவில்லை, கருவி கொணரவில்லை. யார் முன், யார் பின், எவ்வழி ஒருவழி என்று ஒழுங்குபடுத்தினர், அவ்வளவே. திருவிழா நாள்களில் கிராமச் சாலைகளை ஒருவழியாக்கி, வெளியூர் ஊர்திகளை ஆரல்வாய்மொழிப் பக்கம் திருப்பிவிடும் ஏற்பாட்டை ஊர்ப் பெரியோரும் காவல்துறையினரும் முன்கூட்டியே கலந்து செய்தால், எத்தனையோ 108 ஊர்திகள் காலத்தே சென்றடையும்.

மாணவர்களே! ஐம்பது பேர் ஐம்பது இருசக்கர ஊர்திகளில் வருவதும் ஒரு பேருந்தில் வருவதும் சாலைக்கு ஒன்றல்ல. யாம் அந்நிகழ்ச்சிக்குப் பின் வாரத்தில் நான்கு நாள் பேருந்திலேயே கல்லூரிக்கு வருகிறோம். அரைமணி முன்னதாகப் புறப்படுகிறோம். காலைப்பொழுதின் அரைமணி போய்விட்டதே என்று முதலில் வருந்தினோம். இப்போது அதில் படிக்கிறோம்.

பெரியோர்களே! வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆவுக்கு விரைந்து வரும் நாம், பள்ளிவாசல் வாயிலிலேயே ஊர்தியை நிறுத்துகிறோம். அரைமணி நேரம் சாலையின் பாதி நம்முடையதாகிவிடுகிறது. திருமண மண்டப வாயில்களிலும் இதே நிலை. வழியில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டியருளினார்கள். இடையூறு என்பது முள்ளும் கல்லும் மட்டுந்தானா? நாம் நிறுத்திய காரும் அதனுள் அடங்கும் அன்றோ! நூறடி அப்பால் நிறுத்தி நடந்து வருவதால் நமக்குக் குறையொன்றும் இல்லை.

தமிழில் தன்மைப் பன்மைச் சொற்கள் இரண்டு. கேட்போரை விலக்கிச் சொல்வது ‘யாம்’. கேட்போரையும் உளப்படுத்திச் சொல்வது ‘நாம்’. அன்று மாலை கிராமச் சாலையில் திரும்பியபோது எம் மனத்தில் ‘யாம்’ மட்டுமே இருந்தது. ஒவ்வொரு காரிலும் ஒரு ‘யாம்’ அமர்ந்திருந்தமையால்தான் அப்பாலம் அடைபட்டது. சுழலும் விளக்கைக் கண்ட கணத்தில்தான் ‘நாம்’ என்னும் சொல்லின் பொருள் எமக்கு விளங்கிற்று. இலக்கணம் நடத்தி இருபது ஆண்டு கழிந்தபின் விளங்கிற்று!

அண்மையில் எந்தையாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்கையில், எவ்வழி செல்வோம் என்று அவரையே கேட்டோம். மணி என்ன, கிழமை என்ன என்று வினவிச் சற்று எண்ணினார். பிறகு நலமாயிருந்த வலக்கையால் வடக்கே காட்டி, காவல்கிணற்றுச் சாலையில் போகச் சொன்னார். அலைபேசியைத் திறக்காமலே சென்றோம்.